கித்லாவனுக்கு ஏற்புக் கடிதம்

பாகியோ
3 ஆகஸ்ட் 2020

ஜொவீட்டாவுக்கு,

நான் நலம். நீயும் வீட்டாரும் நலம் என்று லாரி ஓட்டும் டாசியோ சொன்னார். உன் அண்ணனுக்கு நாலு முறை போன் போட்டேன். மூன்று முறை மலைமேட்டில் சிக்னல் இல்லை. நாலாவது முறை கஸ்பார் எடுத்து, "அவ பேச மாட்டேங்கிறா மச்சான், நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். டாசியோ வாரம் இருமுறை உங்கள் ஊர் முட்டைக்கோஸை லா டிரினிடாட் சந்தையில் இறக்குகிறார். இந்த ஊரடங்கில் காய்கறி லாரியை மட்டும் எந்தச் சாவடியிலும் மறிப்பதில்லை. மனிதர்களை விட முட்டைக்கோஸுக்கு இப்போது மரியாதை அதிகம்.

விஷயத்துக்கு வருகிறேன். பைக்கில் வரலாம் என்று இருக்கிறேன். வழியைப் போட்டுவிட்டேன். காலை ஐந்துக்குப் புறப்பட்டால் அடோக் மேட்டில் ஏழுமணி. அபதானில் சாப்பாடு. மவுண்ட் டாட்டாவில் மூடுபனி இல்லாவிட்டால் பொன்டாக்கில் ஒருமணி. அங்கிருந்து சகாடா, பிறகு உங்கள் கிளைச்சாலை. திரும்பும்போது அதே வழி வேண்டாம். டாடியன், செர்வான்டெஸ் வழியாக இறங்கிக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கலாம். மண் சரிவு அந்தப் பக்கம் குறைவு. வண்டிக்குப் புது செயின் மாட்டிவிட்டேன். கிளட்ச் கேபிள் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்வேன்.

பின்னால் ஆள் ஏற்றலாம் என்று ஜூலையில் அனுமதித்துவிட்டார்கள். கணவன் மனைவியாக இருக்க வேண்டும், கல்யாணச் சான்றிதழ் கையில் வேண்டும், இருவருக்கும் நடுவே பிளாஸ்டிக் தடுப்பு வேண்டும். சான்றிதழ் என்னிடம் இருக்கிறது.

பயண அனுமதிக்கு மூன்று தாள் கேட்கிறார்கள். மருத்துவச் சான்று, இங்கத்திய ஊராட்சியின் கடிதம், போகிற ஊரின் ஏற்புக் கடிதம். மூன்றாவது உங்கள் ஊராட்சியிலிருந்து வர வேண்டும். யாரிடம் கேட்பது என்று விசாரித்துச் சொல்.

பிப்ரவரியில் நடந்ததைப் பற்றி அன்றைக்கே சொல்லிவிட்டேன். லாரி பழுதாகி நின்றால் எச்சரிக்கைக்கு ரோட்டில் கிளை நட்டு வைப்பார்களே, அது என்றுதான் நினைத்தேன்.

ரெனான்டே


கித்லாவன்
14 ஆகஸ்ட் 2020

ரெனான்டேக்கு,

நீ எழுதியது கடிதமா, வரைபடமா என்று தெரியவில்லை. அடோக் மேட்டில் எத்தனை மணிக்கு இருப்பாய் என்பது எனக்கு எதற்கு?

ஏற்புக் கடிதத்துக்கு யாரிடம் கேட்பது என்றாய். என்னிடம்தான். ஊராட்சிச் செயலாளர் மணிலாவில் மாட்டிக்கொண்டார். டைப் அடிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் இருந்தேன். ஏப்ரலிலிருந்து அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். யார் ஊருக்குள் வரலாம் என்று தலைவர் முடிவு செய்வார். தாளைத் தயார் செய்து அவர் முன் வைப்பது நான். நான் வைக்காத தாளில் அவர் கையெழுத்துப் போட மாட்டார்.

பிப்ரவரியைப் பற்றிச் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். நீ சொன்னதைத் தவிர மீதியை நான் சொல்கிறேன். நாற்று நடவுக்கு முன்னால் ஊர் மூன்று நாள் தெ-எர் இருந்தது. யாரும் வயலுக்குப் போகக் கூடாது, உள்ளிருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. ஊர் வாசலில் இரண்டு பக்கமும் குச்சி நட்டு நாணலை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் உன் பைக் கிளப்பின் ஆறு வண்டிகளும் அதைத் தாண்டி உள்ளே வந்தன. முதல் வண்டி உன்னுடையது. கஸ்பார் ஓடிவந்து மறித்தபோது நீ சிரித்தாய். "புல்லுக்குப் போய் இவ்வளவு பயமா மச்சான்?" என்றாய். ஒருவன் அதை வீடியோ எடுத்தான்.

மறுபடி முதல் நாளிலிருந்து தெ-எர் தொடங்கினார்கள். மொத்தம் ஐந்து நாள் யாரும் வயலில் கால் வைக்கவில்லை. நாற்று பழுத்தது. கஸ்பார் உன் சார்பில் தன் பன்றியைக் கொடுத்தான். அது, பெரியவர்கள் கூடும் கல்முற்றத்தில் பரிகாரமாகக் கேட்டது. அவன் மறுபேச்சுப் பேசவில்லை. மார்ச் ஆறாம் தேதி நான் அம்மாவோடு இருக்க வந்தேன், ஒரு வாரத்தில் திரும்புவதாக. ஒன்பது நாள் கழித்துத்தான் சாலையை மூடினார்கள். அந்த ஒன்பது நாளில் நீ வரவில்லை.

விண்ணப்பத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பி அனுப்பு.

ஜொவீட்டா


பாகியோ
29 ஆகஸ்ட் 2020

ஜொவீட்டாவுக்கு,

விண்ணப்பம் இத்துடன். நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று எழுதினேன். போலீஸ் நிலையத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். "அண்ணே, ஊரே பூட்டிக் கிடக்கு, உங்களுக்குச் சுற்றுலாவா?" என்று கேட்டாள். அதை அடித்துவிட்டு 'மனைவியை அழைத்து வர' என்று எழுதியிருக்கிறேன். அடித்தல் தெரிகிறது, மன்னிக்க.

தடுப்பு செய்துவிட்டேன். பெர்னாபே பட்டறையில் அலுமினியக் குழாயை வளைத்து, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கைத் திருகாணியால் மாட்டினோம். என் முதுகுக்கும் உன் முகத்துக்கும் நடுவே நிற்கும். கைப்பிடி இரண்டு பக்கமும் உண்டு. சோதிக்கப் பெர்னாபேயை ஏற்ற முடியவில்லை. அவன் என் வீட்டு ஆள் இல்லை, பிடித்துவிடுவார்கள். அரிசி மூட்டையைக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். வளைவுகளில் பரவாயில்லை. மேட்டில் காற்று அடித்தபோது தடுப்பு கப்பல் பாய் போல அதைப் பிடித்து வண்டியைப் பள்ளத்துப் பக்கம் தள்ளியது. மூட்டை பயப்படவில்லை. நான் பயந்தேன். மேலே இரண்டு அங்குலம் வெட்டியிருக்கிறேன்.

ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் படுக்கிறவர்களுக்கு நடுவே எதற்கு இந்தத் தடுப்பு என்று கிளப்பில் எல்லோரும் கேலி பேசினார்கள். நம்மைப் பொறுத்தவரை மார்ச்சிலிருந்து அப்படி இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கிளப்பின் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். வீடியோவையும் அழிக்கச் சொன்னேன். எடுத்தவன் அழித்துவிட்டான்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மழை குறையும் என்கிறார்கள். கடிதம் அதற்குள் வந்தால் நல்லது.

ரெனான்டே


கித்லாவன்
12 செப்டம்பர் 2020

ரெனான்டேக்கு,

'மனைவியை அழைத்து வர' என்று எழுதினால் நான் என்ன, சந்தையில் விட்டுவிட்டுப் போன மூட்டையா? மூட்டை ஏற்கெனவே உன்னிடம் ஒன்று இருக்கிறது, அது பயப்படுவதும் இல்லை.

உன் விண்ணப்பத்தைச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் படித்தேன். ஊராட்சித் தலைவர், செவிலியர், கல்முற்றத்திலிருந்து இரண்டு பெரியவர்கள், கஸ்பார் எல்லோரும் இருந்தார்கள். நோய் கொண்டுவருவானா என்று செவிலியர் கேட்டார். மருத்துவச் சான்று தருவான் என்றேன். பெரியவர்களில் ஒருவர் உன் பெயரைக் கேட்டதும், "வண்டில வந்தவனா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு மேசைக்கு அடியில் போய் உட்காரலாம் போல இருந்தது.

கஸ்பார்தான் உனக்காகப் பேசினான். "பன்றி போச்சு, அது முடிஞ்ச கதை. அவன் என் தங்கச்சி புருஷன். வரட்டும்" என்றான். யாரும் மறுக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்து, "தாளை எடும்மா, கையெழுத்துப் போடறேன்" என்றார். இன்னும் டைப் அடிக்கவில்லை, நாளைக்குத் தருகிறேன் என்று சொன்னேன். அது பொய். அடித்த தாள் என் மடியில்தான் இருந்தது.

ஆக, உன்னைத் தடுப்பது ஊரும் இல்லை, அரசாங்கமும் இல்லை. நான்தான்.

உன் கடிதங்களில் செயின் இருக்கிறது, கேபிள் இருக்கிறது, அலுமினியக் குழாய் இருக்கிறது. நான் கேட்ட ஒன்று மட்டும் இல்லை. ஒன்பது நாள் என்ன செய்தாய்? அதற்குப் பதில் வராமல் அந்தத் தாள் தலைவர் மேசைக்குப் போகாது.

ஜொவீட்டா


பாகியோ
24 செப்டம்பர் 2020

ஜொவீட்டாவுக்கு,

இதை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதில் வழி, வண்டி எதுவும் இல்லை.

ஆறாம் நாள், மார்ச் பன்னிரண்டாம் தேதி, நான் புறப்பட்டேன். அபதான் வரை வந்தேன். வழக்கமான கடையில் சூப் வாங்கி உட்கார்ந்தேன். கஸ்பார் முகத்தில் எப்படி விழிப்பது, என்ன வார்த்தை சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சூப் ஆறிப்போய் மேலே கொழுப்பு படிந்துவிட்டது. கடைக்காரம்மா, "எங்க தம்பி, மேலயா கீழயா?" என்று கேட்டாள். கீழே என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று நாளில் சாலையை மூடினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி வர முடியாது, என் குற்றம் இல்லை என்று ஆகிவிட்டதே. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. லாரிக்கு நட்ட கிளை என்று நினைத்தேன் என்பது பொய். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் எத்தனை தெ-எர் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் நீதானே அந்த முடிச்சைக் காட்டி, இதைக் கண்டால் திரும்பிவிட வேண்டும் என்று சொன்னாய். வளைவு திரும்பியதுமே பார்த்துவிட்டேன், தெரிந்தும் விட்டது. பின்னால் ஐந்து வண்டி. தலைவன் நான். அவர்களிடம் மாமியார் வீட்டில் சாப்பாடு என்று பெருமை அடித்துக் கூட்டி வந்தவன். புல்லைப் பார்த்து நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று நிறுத்தவில்லை. அவர்கள் சிரித்துவிடுவார்களே என்று நானே முதலில் சிரித்தேன். ஒரு பிரேக் பிடிக்கிற தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

புது விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நோக்கம் என்ற இடத்தில் 'மன்னிப்புக் கேட்க' என்று எழுதினேன். போலீஸ் நிலையத்துப் பெண் இந்த முறை சிரிக்கவில்லை.

நீ என்னோடு திரும்பி வருவாயா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆனால் அதுதான் என் ஆசை. அதை மறைத்தால் இன்னொரு பொய்யாகிவிடும்.

ரெனான்டே


கித்லாவன்
5 அக்டோபர் 2020

ரெனான்டேக்கு,

உன் கடிதத்தைக் கழனி வரப்பில் நின்று படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. தெரியாமல் செய்தவனோடு ஏழு மாதமாகச் சண்டை போடுகிறோமோ என்று சில நாள் எனக்கே உறுத்தியதுண்டு. தெரிந்தேதான் செய்திருக்கிறாய். ஆனாலும் இந்தக் கடிதத்தை எழுதியவனை எனக்குத் தெரியும். அவனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். வரைபடம் அனுப்பியவனை அல்ல.

ஏற்புக் கடிதம் இத்துடன் இருக்கிறது. தலைவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரி. அக்டோபர் 14 முதல் 16 மாலை ஆறு மணி வரை மூன்று நாள். வெளியாளுக்கு அதற்கு மேல் தர விதி இல்லை. தனியாக வா. முதலில் கல்முற்றத்துக்குப் போய்ப் பெரியவர்களைப் பார், பிறகு வீட்டுக்கு வா. கஸ்பாரிடம் பன்றியைப் பற்றிப் பேசாதே. அவன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தால் அவமானமாக எடுத்துக்கொள்வான். வேலை ஏதாவது இருந்தால் சேர்ந்து செய், போதும்.

நான் திரும்பி வருவேன் என்று இந்தத் தாளில் எங்கும் எழுதவில்லை. நீ உள்ளே வரலாம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. பிளாஸ்டிக் தடுப்பைக் கொண்டு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஜொவீட்டா


கித்லாவன் கிளைச்சாலை
14 அக்டோபர் 2020

ஜொவீட்டாவுக்கு,

இதை உன்னிடம் கொடுக்க ஆள் இல்லை. எழுதி வைக்கிறேன்.

ஐந்து சாவடி. எல்லாவற்றிலும் தாள்களைப் பார்த்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். பொன்டாக்கில் ஒரு போலீஸ்காரர் தடுப்பைத் தட்டிப் பார்த்து, யாரை ஏற்ற என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றேன். அபதானில் நிற்காமல் வந்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் வாசலுக்கு வந்தேன். நாணல் முடிச்சு இருக்கிறது, பச்சையாக, இன்று காலை வைத்தது. ஆள் யாரும் இல்லை. வண்டியை நிறுத்தி அணைத்துவிட்டேன். இப்படி நடக்கும் என்று நேற்றுவரை உனக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வாசலுக்கு வெளியே, முட்டைக்கோஸ் எடை போடும் கொட்டகையில் இருக்கிறேன். சார்டின் டப்பா நாலு, ரொட்டி இரண்டு.

15 அக்டோபர்

காலையில் ஒரு பிக்கப் வந்தது. சாலை அளக்கிற ஆட்கள். அவர்களும் முடிச்சைப் பார்த்துத் திரும்பினார்கள். ஓட்டுநர் என் தாள்களை எல்லாம் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட முத்திரை போட்ட லெட்டரே இருக்கே அண்ணே. நாங்க போனா வம்பு. நீங்க போகலாமே. யாரு பார்க்கப் போறா?" என்றான்.

"பார்க்க ஆள் இல்லதான் தம்பி. ஆனா உள்ள என் பொண்டாட்டி இருக்கா" என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனான்.

16 அக்டோபர்

மழை. கொட்டகையின் ஒரு பக்கம் ஒழுகுகிறது. தடுப்பைக் கழற்றித் தலைக்கு மேல் சாத்தி உட்கார்ந்திருக்கிறேன். மாலை ஆறு மணி ஆகிவிட்டது. உன் ஏற்புக் கடிதம் இத்தோடு காலாவதி. பயண அனுமதியும்தான். உள்ளே வரவும் உரிமை இல்லை, ஐந்து சாவடி தாண்டித் திரும்பிப் போகவும் உரிமை இல்லை. நாளைக் காலை முடிச்சை எடுத்தாலும் நான் உள்ளே வருவதற்குத் தாள் இல்லாதவன். இன்னொரு முறை உங்கள் ஊருக்குள் முறை தப்பி நுழைய மாட்டேன். முதலில் வெளியே வருகிறவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். திரும்பிப் போ என்றால் போகிறேன், சாவடியில் பிடித்தால் பிடிக்கட்டும்.

ரெனான்டே


கித்லாவன்
17 அக்டோபர் 2020, காலை

ரெனான்டேக்கு,

சர்க்கரைவள்ளி பிடுங்கப் போன சித்தி பாதி வழியிலேயே திரும்பி ஓடி வந்து உன் கடிதத்தைக் கொடுத்தாள். நனைந்திருந்தது. படிக்க முடிந்தது.

பதின்மூன்றாம் தேதி மாலைதான் பெரியவர்கள் தெ-எர் என்று அறிவித்தார்கள். வெட்டப் போன மரத்தில் பறவை ஏதோ கெட்ட சகுனமாகக் குரல் கொடுத்ததாம். உனக்கு ஆள் அனுப்ப நேரம் இல்லை, பிறகு வழியும் இல்லை. நீ தாண்டி வந்திருந்தால் என்ன செய்வது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். கல்யாணச் சான்றிதழின் என் பிரதியை எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன், கிழிப்பதற்கு.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்து மேட்டிலிருந்து அந்தக் கொட்டகை நன்றாகத் தெரியும். தெ-எர் நாளில் வேலை இல்லை. மூன்று நாளும் ஊருக்கு நீதான் வேலை. முதல் நாள் கஸ்பார், "பொழுது சாயறதுக்குள்ள தாண்டிருவான் பாரு, அவனைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றான். பாதிப் பேர் அவன் பக்கம். இரண்டாம் நாள் அவன் பக்கம் பேர் குறைந்தது. நேற்று மழையில் நீ தடுப்பைத் தலைமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு தார்ப்பாய் கொண்டு போய்க் குடுக்கக்கூட முடியலையே" என்று புலம்பிக்கொண்டே இருந்தான். வண்டியில வந்தவனா என்று அன்று கேட்ட பெரியவர், இன்று விடிந்ததும் முடிச்சை அவிழ்த்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். "உன் புருஷன் இன்னும் ஏன் வெளிய நிக்கிறான்?" என்று கேட்டார். தாள் இல்லை என்றேன். "அதை எழுதறது நீதானே" என்றார்.

கோபம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் மூன்று நாளும் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வருகையாளர் என்று எழுத உன் அனுமதி காலாவதியாகிவிட்டது. விதியில் ஒரே வழிதான் மிச்சம். ஊர் திரும்பிய குடியிருப்பாளர் என்று சான்று தரலாம். அதற்கு வெளியூர் அனுமதி தேவையில்லை, வீட்டு ஆள் ஒருவர் பொறுப்பேற்றால் போதும். அப்படியே அடித்திருக்கிறேன். ஜொவீட்டாவின் வீட்டைச் சேர்ந்தவர் என்று. பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே தலைவர் கையெழுத்து. திரும்பி வந்தவர்கள் பதினான்கு நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அதற்குப் பிறகு பாகியோவுக்குப் போவோமா, இங்கேயே இருப்போமா என்று பேச அந்தப் பதினான்கு நாள் போதும். போதாவிட்டால் இன்னும் பேசுவோம்.

முத்திரை வைத்த தாளில் நான் இதுவரை பொய் எழுதியதில்லை. இதைப் பொய்யாக்கிவிடாதே.

தாளை கஸ்பார் கொண்டு வருகிறான். சோறு ஆகிவிட்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவனோடு நடந்து வா.

ஜொவீட்டா